சட்டம் சொல்வதும் சனங்கள் செய்வதும்: வாசகர் கேள்வி பதில்

சட்டப் படிப்பில் சேர்ந்து, சமூகவியல் தாளை முதன்முறையாகக் கையில் எடுத்தவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: நான் வந்தது சட்டம் படிக்க. பிரிவுகளையும் தீர்ப்புகளையும் மனப்பாடம் செய்யவே நேரம் போதவில்லை. இதில் சமூகவியல் எதற்கு?

வாடகை வீட்டைக் காலி செய்தவருக்கு வீட்டுக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்ட வகுப்பில் என்ன கேட்பார்கள்? ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது, எந்தப் பிரிவு பொருந்தும், காலவரம்பு தாண்டிவிட்டதா, எந்த நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்? எல்லாமே வழக்கு வந்த பிறகு எழும் கேள்விகள்.

சமூகவியல் அதற்கு முன்பிருந்தே தொடங்குகிறது. இப்படிப் பணத்தை விட்டவர்கள் நூறு பேர் என்றால், அவர்களில் எத்தனை பேருக்கு அது தங்களுக்கு நேர்ந்த அநியாயம் என்று தோன்றியது? ‘வெள்ளையடிக்கப் பிடித்துக்கொண்டார் போல’ என்று எத்தனை பேர் விட்டுவிட்டார்கள்? அநியாயம் என்று உணர்ந்தவர்களில் எத்தனை பேர் வீட்டுக்காரரைக் குறை சொன்னார்கள், எத்தனை பேர் ‘ரசீது வாங்காதது என் தப்பு’ என்று தங்களையே நொந்துகொண்டார்கள்? குறை சொன்னவர்களில் நேரில் போய்க் கேட்டவர்கள் எத்தனை பேர்? ஃபெல்ஸ்டைனர், ஏபல், சாரட் ஆகிய மூவர் 1980களின் தொடக்கத்தில் இதை மூன்று படிகளாகப் பிரித்தார்கள்: நேர்ந்ததைக் கேடு என்று பெயரிடுவது, அதற்கு ஒருவரைப் பொறுப்பாக்குவது, அவரிடம் பரிகாரம் கேட்பது. கேட்டது மறுக்கப்பட்டால்தான் அது தகராறு ஆகிறது.

ஒவ்வொரு படியிலும் பாதிப் பேர் உதிர்ந்துவிடுகிறார்கள் என்று ஒரு கணக்குக்காகக் கொள்வோம். நூறு பேர் ஐம்பதாகி, இருபத்தைந்தாகி, பன்னிரண்டாகி, வக்கீல் வீட்டு வாசலுக்கு வரும்போது ஆறு பேர் மிஞ்சுவார்கள். நீங்கள் படிக்கும் தீர்ப்புத் தொகுப்பில் இருப்பது அந்த ஆறில் ஒன்றோ அரையோ. அதை மட்டும் படித்துவிட்டுச் சட்டம் நாட்டில் எப்படி நடக்கிறது என்று சொல்ல முயல்வது, மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் பார்த்து ஊரின் உடல்நலத்தைச் சொல்வதைப் போன்றது.

இந்த உதிர்தல் எல்லாரிடமும் ஒரே அளவில் நடப்பதில்லை. பணம், படிப்பு, பாலினம், எதிராளியோடு நாளையும் முகம் பார்த்துப் பழக வேண்டிய நிலை ஆகியவற்றைப் பொறுத்து ஒரு கூட்டம் முதல் படியிலேயே நின்றுவிடும். வக்கீல் தொழிலுக்கு வரும்போது இந்தப் படிகள் நேரடியாக உதவும். கட்சிக்காரர் சொல்லும் பத்து வருத்தங்களில் மனுவில் ஏறக்கூடியவை இரண்டு இருக்கலாம். மற்ற எட்டையும் நீங்கள்தான் வெட்டுகிறீர்கள். அந்த எட்டில் எது அவரைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று கேட்டுக்கொள்ளாமல் வெட்டினால், வழக்கில் ஜெயித்த பிறகும் அவர் திருப்தியில்லாமல்தான் வீடு திரும்புவார்.

கேள்வி: வழக்கம், ஒழுக்கநெறி, சட்டம் மூன்றுக்கும் வேறுபாடு எழுதச் சொல்கிறார்கள். எழுதும்போது மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.

மீறினால் என்ன நடக்கிறது, அதை யார் நடத்துகிறார்கள் என்ற இரண்டையும் கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். வரிசையில் இடையில் புகுந்தவரைப் பின்னால் நிற்பவர்கள் முறைப்பார்கள், ஒருவர் சத்தம் போடுவார். அது வழக்கத்தின் எல்லை. கூட இருந்தே நண்பனைக் காட்டிக்கொடுத்தவரோடு ஊரே பேச்சை நிறுத்திக்கொள்ளும். அங்கே விஷயம் ஒழுக்கநெறியைத் தொட்டுவிட்டது. சிவப்பு விளக்கைத் தாண்டியவரைப் பிடித்து நிறுத்த, அதையே வேலையாகக் கொண்ட ஆட்கள் இருக்கிறார்கள். ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் சட்டத்தைப் பிரித்துக் காட்டுவது இந்தக் கடைசி இடத்தில்தான். நெறியை நிலைநாட்டுவதற்கென்றே தனியாக ஆட்கள் இருந்தால் அது சட்டம் என்பார்.

இந்த வரையறையிலும் சிக்கல் உண்டு. மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி, பசிபிக் கடலில் நியூ கினிக்கு அருகே உள்ள டிரோப்ரியாண்ட் தீவுகளில் கண்டதை 1926-ல் எழுதினார். கடற்கரை ஊரார் மீன் தருகிறார்கள், உள்நாட்டு ஊரார் கிழங்கு தருகிறார்கள். போலீஸ் இல்லை, நீதிமன்றம் இல்லை. ஆனால் வாங்கிய கடனை ஒழுங்காகத் திருப்பிவிடுகிறார்கள். தராதவனுக்கு அடுத்த முறை எதுவும் வராது என்பதும், நாலு பேர் முன்னால் தலைகுனிய வேண்டும் என்பதும் அவர்களைக் கட்டிப்போடுகின்றன. இதைச் சட்டம் என்று மலினோவ்ஸ்கி சொல்லுவார், வேபரின் வரையறை ஏற்காது. எது சரி என்று தேர்வில் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. எந்த வரையறையை எடுத்துக்கொண்டு எழுதுகிறீர்கள் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டு, கடைசி வரை அதை மாற்றாமல் இருங்கள். பாதி வழியில் வரையறை மாறுவதுதான் இந்த விடைகளில் நாங்கள் அதிகம் பார்க்கும் பிழை.

இதோடு ஏர்லிக் சொன்ன ‘வாழும் சட்ட’த்தையும், அதாவது ஏட்டில் இருப்பதை விட்டு மக்கள் உண்மையில் கடைப்பிடிக்கும் நெறிகளையும், சேர்த்துப் படியுங்கள். ஆஸ்திரியப் பேரரசின் கிழக்கு ஓரத்தில் இருந்த புக்கோவினாவில், செர்னோவிட்ஸ் பல்கலைக்கழகத்தில் அவர் சட்டப் பேராசிரியர். அங்கே நடைமுறையில் இருந்தது 1811-ன் ஆஸ்திரிய உரிமையியல் சட்டத்தொகுப்பு. அதன்படி பிள்ளை சம்பாதித்தது பிள்ளைக்கே. ஆனால் அங்கிருந்த குடியானவர் வீடுகளில் பிள்ளையின் கூலியைத் தகப்பனே வாங்கிக்கொண்டார், பிள்ளையும் அதை இயல்பாக எடுத்துக்கொண்டான். வழக்கு ஒன்றும் வரவில்லை. சட்டத்தின் எடை மையம் சட்டமன்றத்திலோ நீதிமன்றத்திலோ இல்லை, சமூகத்திலேயே இருக்கிறது என்று 1913-ல் அவர் எழுதியதற்கு இப்படிப்பட்ட காட்சிகளே அடிப்படை.

அவர் காட்டிய வழி நடைமுறைக்கும் உகந்தது. கையெழுத்தான ஒப்பந்தங்களையும் உயில்களையும் முதலில் பாருங்கள், பிறகு அவற்றில் எந்த வரியை ஆட்கள் உண்மையில் கடைப்பிடிக்கிறார்கள் என்று பாருங்கள். அச்சிட்ட படிவத்தில் பதினைந்து நிபந்தனைகள் இருந்தாலும் இரு தரப்பும் மனத்தில் வைத்திருப்பது மூன்று நான்காக இருக்கலாம்.

கேள்வி: துர்கெய்ம், வேபர், மார்க்ஸ் மூவரையும் தனித்தனியாகப் படித்தால் புரிகிறது. ஒப்பிடச் சொன்னால் எழுத வரவில்லை.

மூவரையும் ஒரே பொருளைப் பார்க்க வையுங்கள். ஒரு வேலை ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு பக்கம், சம்பளம், வேலை நேரம், இரு தரப்புக் கையெழுத்து.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் துர்கெய்ம் அதில் எழுதப்படாததைப் பார்ப்பார். வாக்குக் கொடுத்தால் காப்பாற்ற வேண்டும் என்பதை இந்தக் காகிதம் உண்டாக்கவில்லை. காகிதத்துக்கு முன்பே சமூகத்தில் அது இருந்தால்தான் காகிதத்துக்கு மதிப்பு. ஒப்பந்தத்தில் உள்ள எல்லாமே ஒப்பந்தத்தால் வந்தவை அல்ல என்று 1893-ல் அவர் சொன்னதன் பொருள் இதுதான். எதில் கையெழுத்துப் போட்டால் செல்லாது என்பதையும் சமூகமே முடிவு செய்கிறது. ஆளையே விற்பதாக ஒருவர் எழுதிக் கொடுத்தால் எந்த நீதிமன்றமும் அதை நிறைவேற்றித் தராது.

வேபரின் கண் போகும் இடம் வேறு. ‘இதை மீறினால் என்ன ஆகும் என்று இரு தரப்பும் முன்கூட்டியே கணிக்க முடிகிறதா?’ என்பார். ஆளுக்கு ஆள் மாறாத விதி, பயிற்சி பெற்ற நீதிபதி, பதிவேடு இவை இருந்தால் முதலாளி அடுத்த ஆண்டுக்குக் கணக்குப் போட முடியும். அப்படிக் கணிக்கக்கூடிய சட்டத்துக்கும் நவீன முதலாளியத்துக்கும் உள்ள நெருக்கத்தை அவர் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தார். மக்கள் ஏன் கீழ்ப்படிகிறார்கள் என்பதற்கு மரபு, தலைவரின் ஆளுமை ஈர்ப்பு, முறையாக இயற்றிய விதி என்று மூன்று அடிப்படைகளை அவர் சொன்னதை இங்கே பொருத்துங்கள். மேலாளர் சொன்னால் கேட்கிறோம், அவர் பணி ஓய்வு பெற்ற மறுநாள் அதே நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தால் அவர் சொல்வதைக் கேட்கிறோம். கட்டுப்படுவது நாற்காலிக்கு, அதாவது விதிக்கு.

மார்க்ஸ் கேட்பது, கையெழுத்துப் போடாமல் எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியும் என்று. காகிதத்தில் இருவரும் சமம், இருவரும் சுதந்திரமானவர்கள். ஆனால் ஒருவர் கையெழுத்துப் போடாவிட்டால் ஒரு பணியாளர் குறைவார், மற்றவர் போடாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. சந்தையில் சமமாக நின்ற இருவரில் ஒருவர், தொழிற்சாலைக் கதவைத் தாண்டியதும் கட்டளையிடுகிறார், மற்றவர் கீழ்ப்படிகிறார். பின்னாளில் ஆஸ்திரியாவின் குடியரசுத் தலைவரான கார்ல் ரென்னர் இந்தப் பார்வையைக் கூர்மையாக்கினார். சொத்துரிமை என்ற சட்ட வடிவம் ஓர் எழுத்தும் மாறாமல் இருக்க, அது சமூகத்தில் செய்யும் வேலை தலைகீழாக மாறிவிடலாம் என்று 1904-ல் காட்டினார். கைவினைஞனின் பட்டறையும் பெரிய ஆலையும் சட்டத்தின் கண்ணில் ‘உடைமை’தான். முதலாவது ஒரு பொருளின் மேல் உள்ள பிடி, இரண்டாவதோ மற்ற மனிதர்கள் மேல் உள்ள பிடியாகிவிட்டது.

இப்படி எழுதினால் ஒப்பீடு தானாக வந்துவிடும். பிறந்த ஆண்டும் வாழ்க்கை வரலாறும் மதிப்பெண் தராது.

கேள்வி: குற்றம் இயல்பானது என்று துர்கெய்ம் சொன்னாராம். அப்படியானால் தண்டிப்பது ஏன்?

‘இயல்பானது’ என்றால் ‘நல்லது’ என்று எடுத்துக்கொண்டதால் வந்த குழப்பம். குற்றம் இல்லாத சமூகம் எங்கும் இருந்ததில்லை, ஆகவே அது சமூக வாழ்வின் பகுதி என்பதே 1895-ல் அவர் வைத்த வாதம். முனிவர்கள் மட்டுமே வாழும் மடத்திலும், வெளியே யாரும் கண்டுகொள்ளாத சிறு தவறு பெருங்குற்றமாகப் பார்க்கப்படும். தண்டனையும் அதே அளவு இயல்பானது. அதன் முதல் வேலை, நெறி இன்னும் உயிரோடு இருக்கிறது என்று மற்றவர்களுக்குக் காட்டுவது.

அவருடைய இன்னொரு கருத்தை மட்டும் அப்படியே விழுங்கிவிட வேண்டாம். எளிய சமூகங்களில் ஒடுக்கும் தண்டனையும், வேலைப் பகுப்பு வளர்ந்த சமூகங்களில் ஈடுசெய்யும் சட்டமும் மேலோங்கும் என்றார். பிற்கால மானிடவியலாளர்கள் எளிய சமூகங்களிலேயே இழப்பீடும் சமரசமும் நிறைந்திருப்பதைக் கண்டார்கள். கருத்தையும் எழுதுங்கள், மறுப்பையும் எழுதுங்கள்.

கேள்வி: ‘குற்றங்கள் ஒரே ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு அதிகரிப்பு’ போன்ற செய்திகளைக் கட்டுரையில் ஆதாரமாகக் காட்டலாமா?

காட்டலாம், ஆனால் எண்ணைப் பிரித்துப் பார்த்த பிறகு. ஓர் ஊரில் ஒரு வகைக் குற்றம் ஓர் ஆண்டில் 1,000 முறை நடந்தது, பாதிக்கப்பட்டவர்களில் 30 சதவீதம் பேர் புகார் கொடுத்தார்கள் என்று வையுங்கள். பதிவேட்டில் 300. மறு ஆண்டு நிலையத்தில் மரியாதையாகப் பேசுகிறார்கள், புகாரை இணையத்திலும் கொடுக்கலாம் என்றாகிறது. குற்றம் 800 ஆகக் குறைந்தது, புகார் கொடுப்பவர்கள் 50 சதவீதம் ஆனார்கள். பதிவேட்டில் 400. நடந்தது ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்க, செய்தியில் மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது.

ஆகவே எந்த எண்ணைப் பார்த்தாலும் கேட்க வேண்டியவை சில. எண்ணப்பட்டது சம்பவமா, புகாரா, கைதா, தண்டனையா? சட்ட வரையறை இடையில் மாறியதா? மக்கள்தொகை கூடியதா, ஒரு லட்சம் பேருக்கு எத்தனை என்று கணக்கிட்டார்களா? ஒரே சம்பவத்தில் மூன்று பேர் பாதிக்கப்பட்டால் ஒன்று என்று எண்ணுகிறார்களா, மூன்று என்றா? பதிவேட்டுக்கு வராததை அறிய, வீடு வீடாகப் போய் ‘கடந்த ஆண்டில் உங்களுக்கு இப்படி நடந்ததா?’ என்று கேட்கும் கணக்கெடுப்புகளைச் சில நாடுகள் நடத்துகின்றன. அமெரிக்காவில் இது 1970களின் தொடக்கத்திலிருந்து நடக்கிறது.

இன்னொரு ஓட்டையும் உண்டு, அது முந்தையதைவிடப் பெரியது. குற்றவியல் ஆய்வாளர் சதர்லாந்து அமெரிக்காவின் 70 பெரிய நிறுவனங்களின் வரலாற்றைத் தோண்டி, அவற்றுக்கு எதிராக 980 முடிவுகள் வந்திருந்ததை 1949-ல் வெளியிட்டார். சராசரியாக நிறுவனத்துக்கு 14. அவற்றில் குற்றவியல் நீதிமன்றத்திலிருந்து வந்தவை ஆறில் ஒன்று அளவே. மற்றவை உரிமையியல் நீதிமன்றங்களிலும் ஒழுங்குமுறை ஆணையங்களிலும் முடிந்தவை, ஆகவே எந்தக் குற்றப் புள்ளிவிவரத்திலும் ஏறாதவை. வறுமைதான் குற்றத்துக்குக் காரணம் என்று எழுதும் முன், ஏழைகள் செய்யும் குற்றத்தை மட்டுமே எண்ணும் பதிவேட்டை வைத்துக்கொண்டு எழுதுகிறோமா என்று நிறுத்திப் பாருங்கள்.

கேள்வி: அபராதத்தைக் கூட்டினால் மீறல் குறையும் என்பது பொது அறிவுதானே?

பெரும்பாலான நேரம் குறையும், எப்போதும் அல்ல. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 10 குழந்தைகள் காப்பகங்களில் 1998-ல் பொருளியலாளர்கள் க்னீசியும் ருஸ்டிக்கினியும் 20 வாரம் நடத்திய சோதனை இதற்குத் தெளிவான சான்று. காப்பகம் மாலை 4 மணிக்கு மூடும். சில பெற்றோர் தாமதமாக வருவார்கள், ஓர் ஆசிரியை காத்திருப்பார். முதல் 4 வாரம் வெறுமனே எண்ணினார்கள். ஐந்தாம் வாரம் 6 காப்பகங்களில் அபராதம் கொண்டுவந்தார்கள்: 10 நிமிடமோ அதற்கு மேலோ தாமதித்தால் ஒரு குழந்தைக்கு 10 ஷெக்கல் (இஸ்ரேலிய நாணயம்). மற்ற 4 காப்பகங்களில் எதையும் மாற்றவில்லை. அபராதம் வைத்த இடங்களில் தாமதம் ஏறிக்கொண்டே போய் ஏறத்தாழ இரட்டிப்பானது. பதினேழாம் வாரம் அபராதத்தை எடுத்தார்கள், தாமதம் பழைய நிலைக்கு இறங்கவில்லை.

அதுவரை பெற்றோரைக் கட்டுப்படுத்தியது கூச்சம். ‘பாவம், நமக்காக உட்கார்ந்திருக்கிறார்’ என்ற உறுத்தல். அபராதம் வந்ததும் அது ஒரு சேவைக்கான விலையாகிவிட்டது, அதுவும் மலிவு விலை. ஒருமுறை விலையான பிறகு, விலையை நீக்கினாலும் உறுத்தல் திரும்பி வரவில்லை.

இதை வைத்து ‘அபராதம் பயனற்றது’ என்று எழுதினால் தவறு. தொகை சிறியது, மீறலைச் சமூக உறவு ஏற்கெனவே தடுத்துக்கொண்டிருந்தது என்ற இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிடிபடுவோம் என்ற உறுதி தண்டனையின் கடுமையைவிட அதிகம் தடுக்கிறது என்பது குற்றவியல் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. இதோடு டாம் டைலர் 1984-ல் சிகாகோவில் 1,575 பேரைப் பேட்டி கண்டு, அவர்களில் 804 பேரை மறுபடியும் பேட்டி கண்ட ஆய்வையும் சேருங்கள். அதிகாரிகள் நேர்மையாக நடந்துகொள்கிறார்கள், தம் பக்கத்தைக் கேட்கிறார்கள் என்று நம்பியவர்கள் சட்டத்துக்கு அதிகம் கட்டுப்பட்டார்கள், தண்டனை பயத்தின் பங்கு அதைவிடச் சிறியது. ஒரு குறை: கட்டுப்பட்டோம் என்று அவர்களே சொன்னதை வைத்துத்தான் அளந்தார்கள்.

கேள்வி: சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்றால், பெரிய நிறுவனங்களே ஏன் அடிக்கடி ஜெயிக்கின்றன? நீதிபதிகள் சாய்கிறார்களா?

சாயாமலே இது நடக்கும் என்று மார்க் கலான்டர் 1974-ல் விளக்கினார். வாழ்நாளில் ஒரே ஒருமுறை நீதிமன்றம் ஏறுபவர் ஒரு பக்கம், அதே மாதிரி வழக்கை ஆண்டுக்கு ஐந்நூறு நடத்தும் காப்பீட்டு நிறுவனம் மறுபக்கம். நிறுவனத்திடம் தயார்ப் படிவம் இருக்கிறது, அந்தத் துறை வக்கீல் இருக்கிறார், அலுவலகப் பழக்கம் இருக்கிறது. ஒரு வழக்கில் தோற்றால் அதற்கு ஒன்றும் ஆகிவிடாது. அதனால் தோற்கக்கூடிய வழக்கைப் பணம் கொடுத்துச் சமரசமாக முடித்துவிட்டு, ஜெயிக்கக்கூடியதைத் தீர்ப்பு வரை நடத்தும். தீர்ப்பு முன்னுதாரணமாகும், அடுத்த ஐந்நூறு வழக்குகளுக்கும் அதுவே விதி. தனியாள் அப்படி யோசிக்க முடியாது. ஒவ்வொரு வாய்தாவும் அவருக்கு ஒரு நாள் கூலி, எதிராளிக்கு ஒரு கோப்பு நகர்வு.

வணிகர்கள் தங்களுக்குள் வேறுமாதிரி. ஸ்டூவர்ட் மெக்காலே 1963-ல் விஸ்கான்சின் மாநிலத் தொழில் நிறுவனங்களைப் பற்றி எழுதியது இன்னும் படிக்கத் தகுந்தது. தகராறு வந்தால் அவர்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்ப்பதே அபூர்வம், தொலைபேசியில் பேசி முடித்துக்கொண்டார்கள். நாளையும் ஒருவரிடம் ஒருவர் சரக்கு வாங்க வேண்டுமே.

கேள்வி: ‘மக்களின் சட்ட விழிப்புணர்வு’ என்று கள ஆய்வு கொடுத்திருக்கிறார்கள். 100 பேரிடம் கேள்வித்தாள் கொடுக்கப் போகிறேன். என்ன கவனிக்க வேண்டும்?

முதலில் தலைப்பைச் சுருக்குங்கள். ‘சட்ட விழிப்புணர்வு’ என்பதை அளக்க முடியாது. ‘வேலையிலிருந்து திடீரென நிறுத்தப்பட்டால் எங்கே போக வேண்டும் என்று ஒரு பகுதியின் கூலித் தொழிலாளர்களுக்குத் தெரியுமா’ என்பதை அளக்கலாம்.

அடுத்தது யாரிடம் கேட்பது. நண்பர்கள் குழுவில் இணைப்பை அனுப்பி வாங்கும் 100 பதில்கள் உங்கள் நண்பர்களைப் பற்றி மட்டுமே சொல்லும். 1,200 வீடுகள் உள்ள பகுதியில் 60 வீடு வேண்டுமென்றால் 1,200-ஐ 60-ஆல் வகுங்கள், 20 வரும். 1 முதல் 20 வரை எண்ணெழுதிய சீட்டுகளில் ஒன்றை எடுங்கள். 7 வந்தால் 7, 27, 47 என்று போய்க்கொண்டே இருங்கள். கதவு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குத் தாவாதீர்கள். தாவினால் பகலில் வீட்டில் இருப்பவர்கள் மட்டுமே சேருவார்கள், வேலைக்குப் போகிறவர்கள் விட்டுப்போவார்கள். வேறு வேறு நேரத்தில் மூன்று முறை போங்கள். அப்படியும் கிடைக்காதவர்களைக் கிடைக்கவில்லை என்றே எழுதுங்கள். 60-ல் 42 பேர் பதில் சொன்னார்கள் என்றால், 70 சதவீதம் என்று அறிக்கையின் முதல் பக்கத்திலேயே வர வேண்டும்.

எண்ணிக்கைக்கு ஒரு அளவுகோல்: குலுக்கல் முறையில் எடுத்த 100 பேரில் 50 சதவீதம் ‘ஆம்’ என்றால் உண்மை நிலை சுமார் 40-க்கும் 60-க்கும் நடுவில் எங்கோ இருக்கும். 400 பேர் என்றால் ஐந்து புள்ளி இப்படி அப்படி, 1,000 பேர் என்றால் மூன்று. பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும். குலுக்கல் இல்லாமல் எடுத்தால் இந்தக் கணக்கே பொருந்தாது, 10,000 பேரிடம் கேட்டாலும் சரி.

கேள்விகளில் வரும் கோளாறு எப்போதும் ஒரே மாதிரிதான். ‘இந்தச் சட்டம் உங்களுக்குத் தெரியுமா, பயன்படுத்தியிருக்கிறீர்களா?’ என்பது இரண்டு கேள்வி. ஒருவர் ‘ஆம்’ என்றால் எதற்கு ஆம்? ‘லஞ்சம் என்னும் கொடுமையை எதிர்க்கிறீர்களா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்று யார் சொல்லப் போகிறார்கள்? ‘அடிக்கடி’ என்று கேட்காமல் ‘கடந்த 12 மாதங்களில் எத்தனை முறை’ என்று கேளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது: ‘தெரியுமா’ என்று கேட்டால், தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டுப் பலர் தெரியும் என்பார்கள். இதைப் பிடிக்க, ஐந்து சட்டப் பெயர்களுக்கு நடுவில் இல்லாத ஒரு சட்டத்தின் பெயரைச் சேருங்கள். அதையும் பதினைந்து பேர் ‘தெரியும்’ என்றால் மற்ற பதில்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்று தெரிந்துவிடும். பேட்டி முடிந்ததும் அது கற்பனைப் பெயர் என்று சொல்லிவிடுங்கள். இதைவிட நல்ல வழி ஒரு நிலைமையைச் சொல்லிக் கேட்பது: ‘நாளை முதல் வேலைக்கு வராதே என்கிறார்கள், எழுத்தில் எதுவும் தரவில்லை. முதலில் யாரிடம் போவீர்கள்?’ அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

இருபது கேள்விக்கு மேல் வேண்டாம். முதலில் ஐந்தாறு பேரிடம் ஒத்திகை பாருங்கள். இரண்டு பேர் ஒரே இடத்தில் ‘என்ன கேட்கிறீர்கள்?’ என்று திருப்பிக் கேட்டால் அந்தக் கேள்வியை மாற்ற வேண்டும். வயது, வருமானம் போன்றவை கடைசியில் வரட்டும், முதலிலேயே கேட்டால் முகம் இறுகிவிடும்.

நீதிமன்ற நடப்பைக் கவனிக்கப் போகிறவர்களுக்கு: வழக்கு அழைத்த நேரம், முடிந்த நேரம், தரப்பினர் வந்தார்களா, வக்கீல் இருந்தாரா, நடந்தது விசாரணையா வாய்தாவா, வாய்தாவுக்குச் சொன்ன காரணம் என்று கட்டம் போட்ட தாளோடு போங்கள். முதல் நாள் இருவர் தனித்தனியாக அதே 20 வழக்குகளைக் குறித்து மாலையில் ஒப்பிடுங்கள். ஐந்தாறு இடத்தில் மாறினால் கண்ணில் கோளாறு இல்லை, ‘விசாரணை’ என்றால் என்ன என்று நீங்கள் முடிவு செய்யாததுதான் கோளாறு.

கடைசியாக, கட்டாயம் ஒன்று. நீங்கள் இன்னும் வக்கீல் இல்லை. உங்களிடம் ஒருவர் சொன்னதற்கு வக்கீல்–கட்சிக்காரர் ரகசியக் காப்பு கிடையாது, உங்கள் குறிப்பேட்டை நீதிமன்றம் கேட்கக்கூடும். நிலுவையில் உள்ள வழக்கைப் பற்றியும், தண்டிக்கப்படாத குற்றத்தைப் பற்றியும் யாரிடமும் விவரம் கேட்காதீர்கள். தாளில் பெயருக்குப் பதில் எண் போடுங்கள். எண் யாருடையது என்ற பட்டியல் வேறிடத்தில் இருக்கட்டும், அறிக்கை முடிந்ததும் அழித்துவிடுங்கள். எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல மறுக்கலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: இந்த மாதிரி ஆய்வெல்லாம் நீதிமன்றத்தில் எடுபடுமா?

எடுபட்டிருக்கிறது. 1908-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில், பெண்களின் வேலை நேரத்தை நாளுக்கு 10 மணி என்று வரையறுத்த ஆரிகன் மாநிலச் சட்டத்துக்காக வக்கீல் பிராண்டைஸ் தாக்கல் செய்த வாதவுரை நூறு பக்கத்துக்கு மேல். அதில் சட்ட வாதம் சுமார் இரண்டு பக்கம், மற்றதெல்லாம் நீண்ட வேலை நேரம் உடலை என்ன செய்கிறது என்ற அறிக்கைகள். சட்டம் நிலைத்தது. ஆனால் பெண் உடல் பலவீனமானது என்ற பேச்சும் அந்தத் தீர்ப்போடு நிலைத்துப் பின்னாளில் பெண்களுக்கே எதிராகத் திரும்பியது. எந்த உண்மையைக் கொண்டு ஜெயிக்கிறோம் என்பதற்கும் விளைவு உண்டு.

பள்ளிகளில் இனப் பிரிவினையை நீக்கிய 1954-ன் பிரவுன் தீர்ப்பு, தன் பதினோராவது அடிக்குறிப்பில் சமூக அறிவியல் ஆய்வுகளைச் சுட்டியது. அதில் இணைந்த வழக்குகளில் ஒன்றுக்காக உளவியலாளர் கென்னத் கிளார்க், தென் கரோலினாவின் கிளாரண்டன் வட்டத்தில் 6 முதல் 9 வயதுவரை உள்ள 16 கறுப்பினக் குழந்தைகளிடம் வெள்ளைப் பொம்மையையும் பழுப்புப் பொம்மையையும் காட்டினார். 10 பேர் வெள்ளைப் பொம்மையை விரும்பினார்கள், 11 பேர் பழுப்புப் பொம்மைதான் ‘கெட்டது’ என்றார்கள். மனதை உலுக்கும் சாட்சியம். குறுக்கு விசாரணைக்கு நிற்கும் சாட்சியமா? பிரிவினை இல்லாத வடமாநிலப் பள்ளிக் குழந்தைகளிடம் கிளார்க்கும் அவர் மனைவி மேமியும் முன்பு நடத்திய சோதனையில் அவர்களும் வெள்ளைப் பொம்மையையே விரும்பியிருந்தார்கள். ஆகவே காரணம் பள்ளிப் பிரிவினையா, சமூகம் முழுவதிலும் நிறைந்திருந்த இனவெறியா என்று விமர்சகர்கள் கேட்டார்கள். தீர்ப்பு நியாயமானது, அந்த ஆதாரம் பலவீனமானது. இரண்டையும் ஒரே நேரத்தில் சொல்ல முடியும், சொல்லவும் வேண்டும்.

நாளை உங்கள் எதிர்த்தரப்பு ஓர் ஆய்வைத் தாக்கல் செய்தால் முதலில் தேட வேண்டியது ஒப்பீட்டுக் குழுவை. ஹைஃபா சோதனையில் அபராதம் வைக்காத 4 காப்பகங்கள் இருந்தன அல்லவா, அது.

கேள்வி: தேர்வில் அறிஞர் பெயர் மறந்துவிட்டால் என்ன செய்வது?

பெயரை விட்டுவிட்டு, என்ன நடக்கிறது, எதனால், யாரிடம், எந்த நிபந்தனையில் என்று எழுதுங்கள். ‘அபராதம் சிறியதாக இருந்து, மீறலை அதுவரை கூச்சம் தடுத்துக்கொண்டிருந்தால், அபராதம் விலையாக மாறி மீறலைக் கூட்டலாம்’ என்ற ஒரு வரிக்கு மதிப்பெண் உண்டு. தவறான பெயரை ஊகித்துப் போட்டால் அந்த வரியும் சேர்ந்து சந்தேகத்துக்கு ஆளாகும்.